பெட்ரோல் வாடைக்கு ஃபுளோரைடு என்று ஒரு பதில்

கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று மனு கொடுத்தேன். நாற்பது நாள் கழித்துப் பதில் வந்தது: "நீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.8 மில்லிகிராம். இது இப்பகுதி நிலத்தடி நீரின் இயல்பு. மனு முடித்துவைக்கப்படுகிறது." தர்மபுரிக்காரனுக்கு ஃபுளோரைடைப் பற்றிக் கடிதம் எழுதித்தான் சொல்ல வேண்டுமா? எங்கள் ஊர்ப் பற்களைப் பார்த்தாலே தெரியுமே. ஒகேனக்கல் குழாய் வந்ததே அதற்காகத்தானே.

பாதித் தவறு என்னுடையதுதான். தோட்டத்துக்கு மேற்கே, நெடுஞ்சாலையோரம் இருந்த பெட்ரோல் பங்கை மூடி ஆறு வருடமாகிறது. மேலே இருந்த மெஷின்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மண்ணுக்குள் இருந்த தொட்டியை எடுத்தார்களா என்று எவருக்கும் தெரியவில்லை. நான் குளிர்பான பாட்டிலில் முக்கால்வாசி தண்ணீர் பிடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய், படிவத்தில் 'குடிநீர்ப் பரிசோதனை' என்று எழுதிக் கொடுத்தேன். உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட், ஃபுளோரைடு எல்லாம் பார்த்தார்கள். பெட்ரோலில் இருக்கும் நச்சான பென்சீன் அந்தப் பட்டியலிலேயே இல்லை. இருந்திருந்தாலும், பாதி வழியிலேயே ஆவியாகியிருக்கும்.

ஆகவே, எழுதிக் கொடுக்கும்போது பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் என்று நான்கு பெயரையும் எழுதிவிடுங்கள். இரண்டாம் முறை பெங்களூரில் ஒரு தனியார் ஆய்வகத்துக்குப் போனேன். 40 மில்லி கண்ணாடிக் குப்பிகளைத் தந்தார்கள். உள்ளே நான்கைந்து துளி அமிலம் இருக்கும், கழுவிவிடாதீர்கள். விளிம்பு வரை நிரப்பி, மூடி, கவிழ்த்துத் தட்டிப் பார்க்க வேண்டும். ஒரு குமிழி தெரிந்தாலும் அது வீண், வேறு குப்பிதான். பிறகு ஐஸ் பெட்டி. கட்டணம் கையைக் கடித்தது. பென்சீன் 64 மைக்ரோகிராம்! உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10.

அறிக்கையை நீட்டினால், என் மனுவை முடித்துவைத்த அலுவலகத்து எழுத்தர், "தனியார் அறிக்கையை ஏற்க இயலாது" என்றார். வாக்குவாதம் செய்யவில்லை. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: என் மனுவின் பேரில் பென்சீன் பரிசோதிக்கப்பட்டதா? முப்பதாவது நாள் பதில் வந்தது: "இல்லை." அந்த ஒற்றைச் சொல்தான் கோப்பை நகர்த்தியது. அன்று சாயங்காலம் வீட்டில் கேசரி.

அதன்பின் நிலத்தடி நீரை எடுத்துச் சோதிப்பதற்கான கண்காணிப்புக் கிணறு போட வந்தார்கள். போர் வண்டி நிறுத்த வசதியாக இருக்கிறது என்று பங்குக்கு மேற்கே, மேட்டில் முதல் குழியைப் போட்டார்கள். சரிவோ கிழக்கே. மேட்டில் நல்ல தண்ணீர் வராமல் என்ன வரும்? ஒப்பிட்டுப் பார்க்க அதுவும் தேவைதான், ஆனால் அது ஒன்றை வைத்து 'மாசு இல்லை' என்று எழுதவிடக் கூடாது. மூன்று கிணற்றிலாவது நீர்மட்டம் அளந்தால்தான் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். எங்கள் பக்கம் கீழே பாறை. தண்ணீர் வெடிப்பைத் தேடிக்கொண்டு போகும். பங்கை ஒட்டிய பக்கத்துத் தோட்டத்து போரில் வாடையே இல்லை, தள்ளி இருக்கும் என் கிணற்றில் இருக்கிறது. நச்சரித்து நச்சரித்து கிழக்கே இன்னும் இரண்டு போட வைத்தேன்.

மாதிரி எடுக்க வந்த பையன் கண்காணிப்புக் கிணற்றுக் குழாயில் தேங்கிக் கிடந்த தண்ணீரை அப்படியே மொள்ளப் பார்த்தான். குழாய்க் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு இறைத்துக் கொட்டிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும் என்றேன். முணுமுணுத்தான், ஆனாலும் இறைத்தான். பக்கத்தில் நின்றுகொண்டிருங்கள், வேறு வழியில்லை.

சித்திரையில் எடுத்த மாதிரியில் அளவு குறைந்திருந்தது. முடிந்தது என்றார்கள். கார்த்திகையில் மறுபடி எடுத்தபோது முதலில் வந்ததைவிட அதிகம். கோடையில் மட்டம் இறங்கும்போது மண்ணில் ஒட்டி நிற்கும் பெட்ரோலை, மழைக்கு ஏறி வரும் தண்ணீர் மறுபடி தொடுகிறது என்று பொறியாளர் விளக்கினார். மோர் கொண்டுவந்த என் மனைவி, "மழை பெய்தால்தான் நாறுகிறது என்று முதல் நாளே சொன்னேனே, யார் எழுதிக்கொண்டீர்கள்?" என்று கேட்டாள். இந்த முறை எழுதிக்கொண்டார்.