தட்டு, சொம்பு, மாஸ்க்

2020 மார்ச் 22, ஞாயிறு. கொரோனா நேரத்துல உழைக்கிற டாக்டர், நர்ஸுங்களுக்கு நன்றி சொல்ல, சாயங்காலம் 5 மணிக்கு எங்க தெருவே மொட்டை மாடியில நின்னு கை தட்டுச்சு. ஹவுஸ் ஓனர் அம்மா எவர்சில்வர் தட்டைக் கரண்டியால அடிச்ச அடியில என் பொண்ணு காதைப் பொத்திக்கிட்டா. நர்ஸா எனக்குக் கண்ணு கலங்கினது உண்மை.

ரெண்டே நாள். சாயங்காலம் 6 மணியிலிருந்து 144 தடை உத்தரவுன்னதும் ஊருக்குப் போக கோயம்பேடு பஸ் ஸ்டாண்டுல அத்தனை கூட்டம். இடைவெளி விடத்தானே தடை! முழுசா திட்டவும் மனசு வரல. வேலை இல்லாம சென்னையில வாடகை எப்படிக் கொடுப்பாங்க?

ஏப்ரல்ல ஒருநாள் காய்ச்சல் வார்டு டூட்டி முடிச்சு வர்றேன். பிபிஇ கிட்டுக்குள்ள ஆறு மணி நேரம், மூக்குத்தண்டுல என்95 அழுத்தின தழும்பு. வாசல்ல வேப்பிலைக் கொத்து. அதே அம்மா மூணாவது படியில நின்னு, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிட்டு, "தப்பா எடுத்துக்காதம்மா, கொஞ்ச நாளைக்கு ஹாஸ்டல்ல தங்கிக்கயேன்"னாங்க. என்கிட்ட பேசறதுக்குத்தான் அந்த மாஸ்க்கையே இறக்கினாங்க!

"முதல்ல அதை மேல ஏத்துங்கம்மா"ன்னு மட்டும் சொல்லிட்டு மாடி ஏறிட்டேன்.

மறுநாள் காலையில கதவைத் திறந்தா, பால் பாக்கெட் பக்கத்துல ஒரு சொம்பு கபசுரக் குடிநீர். இன்னும் சூடா இருந்துச்சு.