பொட்டலும் மதிலும்

எங்கள் ஊர்ப் பொட்டலில் பெண்பிள்ளைகள் விளையாடக் கூடாது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. சொல்லத் தேவையே வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் ஸ்டம்பை ஊன்றிவிடுவார்கள். இந்தப் பக்கம் வாலிபால் நெட். வேப்ப மரத்தடியில் பைக்கில் சாய்ந்தபடி வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். அதற்கு நடுவில் போய்க் கபடி பாடிப் பிடி என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

நான் காரைக்குடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பி.இ.டி. டீச்சர். அழகப்பா உடற்கல்வியியல் கல்லூரியில் பி.பி.எட். படித்தேன். களத்துக்குக் கோடு போடுவதிலிருந்து காயத்துக்குக் கட்டுப் போடுவது வரை அங்கே கற்றுக்கொண்டேன். பயிற்சி முடிந்த பிள்ளையை எந்த டவுன் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவது என்பதுதான் பாடத்திட்டத்தில் இல்லை. 2021-இல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதும் அந்தக் கவலை பாதி குறைந்தது. பஸ் நேரத்துக்கு வந்தால் மீதியும் குறையும்.

இடம் கிடைத்தது ஓர் ஆச்சியின் தயவில். பெண்கள் கபடிக்கு வேண்டியது 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். செட்டிநாட்டில் அந்த அளவுக்கு ஒரு வெற்றிடம் பூட்டிக் கிடக்காத தெரு உண்டா? ஆச்சி வீட்டின் பின்கட்டைத் தாண்டி ஒரு காலி மனை, சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் மதில். வீட்டுக்குப் பங்காளிகள் ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு ஊர். வெள்ளையடிக்கவே ஒத்துவராதவர்களை ஆச்சி வாட்ஸ்அப்பில் எப்படி மடக்கினாரோ தெரியாது. “விளையாடட்டும் டீச்சர், எனக்கும் வீட்டுல சத்தம் கேட்ட மாதிரி இருக்கும். கெணத்துக்கு மட்டும் மூடி போட்ருங்க” என்றார். போட்டோம்.

மதில் இருக்கிறது என்றதும் அம்மாக்கள் சரி என்றுவிட்டார்கள். டிராக் பேண்ட், டி-ஷர்ட் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. ஒருநாள் ஹாங்சோ ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டத்தை என் போனில் போட்டுக் காட்டினேன். சீனத் தைபேயை 26-25 என்று நம் பெண்கள் ஜெயித்த ஆட்டம், அந்தப் போட்டியில் இந்தியாவுக்கு நூறாவது பதக்கம். ஆச்சியும் கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஓட்டத்தில் முந்துகிற பிள்ளைகள் விஷயம் வேறு. பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்துக் கதக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜனை இங்கே யாரும் மறக்கவில்லை. செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். “எம் பிள்ளையையும் அப்படி ஏதாச்சும் பேசிட்டா?” என்று ஓர் அம்மா என்னிடம் கேட்டார். பேசவே மாட்டார்கள் என்று நான் எப்படிச் சத்தியம் செய்வது? சாந்தி பயிற்சியாளராகி மற்ற பிள்ளைகளை ஓடவைத்த கதையையும் சேர்த்துச் சொன்னேன். அந்த அம்மா பதில் சொல்லவில்லை. பிள்ளை மறுநாள் பயிற்சிக்கு வந்தாள்.

மதிலால் வந்த வினை, பக்கத்துப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டியில் தெரிந்தது. எங்கள் முதல் ரெய்டர் ஆச்சி மனையில் பாடினால் தெருமுனை வரை கேட்கும். அன்றைக்குக் களத்தைச் சுற்றி முந்நூறு பேர், விசில் வேறு. உள்ளே போனாள், கால் நன்றாகத்தான் போனது, குரல் வரவில்லை. கபடி கபடி என்பது காதில் விழாவிட்டால் நடுவர் திருப்பி அனுப்பிவிடுவார், எதிரணிக்குப் புள்ளியும் போகும். இரண்டு தடவை அப்படியே நடந்தது. தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. நாலு பேர் பார்க்க விளையாடிப் பழகாத பிள்ளைக்கு அந்தக் குரல் எங்கிருந்து வரும்?

பொட்டல் ஊருக்குப் பொது. சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு இந்தச் சுற்றுவட்டாரமே வண்டி கட்டிக்கொண்டு போகிறது. நம் பிள்ளைகள் ஆடினால் மட்டும் மறைத்து வைக்க வேண்டுமா? அக்டோபர் 2 கிராம சபையில், வாரத்தில் இரண்டு சாயங்காலம் பொட்டல் பெண்பிள்ளைகளுக்கு என்று மனு கொடுத்தோம். அம்மாக்கள் சிலரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆச்சி நாற்காலி போடச் சொல்லி முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்சம் சலசலப்புக்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும் எங்களுக்கு என்று முடிவானது.

வெளியே வரும்போது கிரிக்கெட் பையன்களில் ஒருவன், என்னிடம் படித்தவன்தான், மரியாதையாகவே கேட்டான்: “மிஸ், அன்னைக்குப் பிள்ளைக வரலைன்னா நாங்க ஆடிக்கலாமா?”

“கூடாதுப்பா” என்றேன். “காலியாவே கிடக்கட்டும்.”