முதுகில் பாராசூட் இருந்தும் குதிக்க முடியாத உயரம்

ஸ்கைடைவிங் விமானத்தில் குதிக்க வந்த ஒவ்வொருவர் முதுகிலும் பாராசூட் இருக்கிறது. ஆனாலும் ஓடுபாதையை விட்டு எழும்பி 500 அடியில் இன்ஜின் நின்றுவிட்டால், அந்தப் பாராசூட் வெறும் சுமைதான். அந்த உயரத்தில் எல்லோரும் விமானத்தோடுதான் தரைக்கு வர வேண்டும். இதை விமானத்தில் ஏறும் முன்பே எல்லோரும் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். இன்ஜின் நின்ற பிறகு விவாதிக்க நேரம் கிடைக்காது.

நேரம் எவ்வளவு குறைவு என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செஸ்னா 182 இன்ஜின் இல்லாமல், காற்றில்லாத நேரத்தில், 1,000 அடி உயரத்தை இழப்பதற்குள் சுமார் ஒன்றரைக் கடல் மைல் போகும். மிதக்கும் வேகம் 75 நாட் (மணிக்கு 75 கடல் மைல்) என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 800 அடிக்கு மேல் இறங்குகிறது. ஆக, 1,000 அடியில் இன்ஜின் நின்றால் கையில் இருப்பது ஒரு நிமிடமும் சில விநாடிகளும். இதுவும் கதவு மூடியிருந்தால்தான். குதிக்கும் கதவு திறந்திருந்தால் காற்றுத் தடை கூடி, இந்தத் தூரமும் குறையும்.

அதனால்தான் பெரும்பாலான குதிப்பு மையங்கள் உயரத்தை அடுக்குகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. எண்கள் இடத்துக்கு இடம் சற்று மாறும். பொதுவாக 1,000 அடிக்குக் கீழே யாரும் குதிப்பதில்லை, விமானத்தோடு இறங்குகிறார்கள். அதற்கு மேல் சுமார் 2,000 அடி வரை, விமானி சொன்னால் மட்டும் வெளியேறி நேராக ரிசர்வை, அதாவது அவசரத்துக்கான இரண்டாவது பாராசூட்டை, இழுக்கிறார்கள். மெயின் பாராசூட் மெதுவாக, மென்மையாக விரியும்படி வடிவமைக்கப்பட்டது, அதற்கே பல நூறு அடி போய்விடும். ரிசர்வோ சடுதியில் விரிவதற்கென்றே மடிக்கப்படுவது. இன்னும் மேலே போனால் மெயினையே திறக்க நேரமிருக்கும். பயிற்றுநரும் பயணியும் ஒரே பாராசூட்டில் தொங்கும் டான்டம் ஜோடிக்கு இந்த எல்லைகள் எல்லாமே உயரும். ஏறும்போது பயணி பயிற்றுநரோடு இன்னும் முழுதாகக் கொக்கி மாட்டப்படாமலும் இருக்கலாம். பயிற்றுநர்கள் இதைத் தனியாகக் கணக்கில் வைக்க வேண்டும்.

2015 ஜனவரி 7 அன்று நியூசிலாந்தின் டௌப்போ ஏரிக்கு மேலே ஒரு பிஏசி 750 விமானத்தின் இன்ஜின் செயலிழந்தது. உயரம் ஏறத்தாழ 2,000 அடிதான். விமானி உட்பட 13 பேரும் குதித்து உயிர் பிழைத்தார்கள், விமானம் ஏரியில் விழுந்தது. சில விநாடிகளில் அத்தனை பேரும் கதவைத் தாண்டியிருக்கிறார்கள். யார் முதலில், யார் பின்னால் என்று அந்த நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தால் இது நடந்திருக்காது.

கதவருகே கூட்டம் கூடுவது இன்னொரு ஆபத்து. பெரும்பாலான குதிப்பு விமானங்களில் கதவு பின்பக்கம் இருப்பதால், எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கே நகர்ந்தால் எடை மையம் பின்னுக்குப் போய், மூக்கு தானாக மேலெழும்பும். வேகம் ஏற்கெனவே குறைந்திருக்கும் விமானம் அங்கேயே ஸ்டால் ஆகிவிடும், அதாவது இறக்கைகள் தூக்கும் விசையை இழந்துவிடும். விமானி கை காட்டும் வரை யாரும் இடத்தைவிட்டு அசையக் கூடாது, அசைந்தால் ஒருவர் பின் ஒருவராகத்தான்.

விமானியின் முதல் வேலை மூக்கைத் தாழ்த்துவது. ஏறும் கோணத்தில் இன்ஜின் நின்றால் சில விநாடிகளிலேயே வேகம் கரைந்துவிடும். அதை மீட்டபிறகுதான் மற்றதெல்லாம். தாழ்வான உயரத்தில் ஓடுபாதைக்குத் திரும்பும் ஆசையை அடக்க வேண்டும். திரும்பும் விமானம் 180 பாகையோடு நிற்பதில்லை, பாதையோடு நேர்படுவதற்கு அதைவிட நிறையவே சுற்ற வேண்டும். 45 பாகை சாய்வில் ஸ்டால் வேகம் 19 சதவீதம் ஏறும், 60 பாகையில் 41 சதவீதம். நேரே முன்னால், இருபுறமும் கொஞ்சம் விலகி, கிடைக்கிற திறந்த நிலம்தான் சரியான தேர்வு. எதிர்க்காற்றில் இறங்குவதும் முக்கியம். 60 நாட் வேகத்தில் இறங்குகிறவருக்கு 10 நாட் எதிர்க்காற்று இருந்தால் தரை வேகம் 50, அதே காற்று பின்னாலிருந்து வந்தால் 70. மோதும் ஆற்றல் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும்.

இன்ஜின் நிற்கும் காரணங்களில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது எரிபொருள். தவிர்க்கவே கூடியது அது. குதிப்பு விமானங்களில் எடைக்காக எரிபொருளைக் குறைத்து ஊற்றும் பழக்கம் உண்டு. பெட்ரோல் விமானத்துக்கான எரிபொருள் ஒரு கேலன் 6 பவுண்டு. பாராசூட்டோடு 200 பவுண்டு எடையுள்ள ஒருவரைக் கூடுதலாக ஏற்ற, 33 கேலனைக் குறைக்க வேண்டும். இந்தக் கணக்கு மிச்சத்தை எவ்வளவு சுரண்டும் என்பது யாருக்கும் புரியும். டேஷ்போர்டு முள்ளை நம்பாமல் அளவுக்கோலை டாங்கிக்குள் விட்டுப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு முறை நிரப்பிய பின்னும் கீழ்வால்வைத் திறந்து தண்ணீர், அழுக்கு இருக்கிறதா என்று கண்ணாடிக் குவளையில் பார்க்க வேண்டும். கொஞ்சம் எரிபொருளோடு சரிந்து சரிந்து இறங்கும்போது, டாங்கியில் திரவம் ஒருபக்கம் ஒதுங்கி வெளியேறும் வாய் காற்றை உறிஞ்சும். அளவுக்கோல் காட்டிய எரிபொருள் இருந்தும் இன்ஜின் நின்றுபோகும்.

1992 ஏப்ரல் 22 அன்று கலிஃபோர்னியாவின் பெரிஸ் பள்ளத்தாக்கில் ஒரு ட்வின் ஆட்டர் எழும்பியவுடன் விழுந்து, 22 பேரில் 16 பேர் இறந்தார்கள். மாசுபட்ட எரிபொருளால் ஒரு இன்ஜின் சக்தி இழந்தது, பிறகு தவறான பக்கத்து ப்ரொப்பெல்லர் ஃபெதர் செய்யப்பட்டது, அதாவது காற்றுத் தடை குறையும்படி அதன் இலைகள் காற்றுக்கு இணையாகத் திருப்பப்பட்டன. இரட்டை இன்ஜின் விமானத்தில் இதுதான் கொடிய பிழை. சந்தேகப்படும் இன்ஜினின் த்ராட்டிலை முதலில் பின்னிழுத்துப் பார்த்து, எதுவும் மாறவில்லை என்று உறுதியான பிறகே ஃபெதர் லீவரைத் தொட வேண்டும்.

பிஸ்டன் இன்ஜினில், எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில் பனி கட்டுவதும் உண்டு. குதிப்பவர்கள் போனபின் விமானி சக்தியைக் குறைத்து இறங்குகிறார். காற்று ஈரமாக இருந்தால், வெளியே 20 பாகை வெப்பம் இருந்தாலும் கார்புரேட்டருக்குள் பனி கட்டும். கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் வெப்பக் கைப்பிடியை இழுத்ததும் இன்ஜின் முதலில் இன்னும் மோசமாகக் குலுங்கும், பனி உருகும்வரை அப்படித்தான். பயந்து கைப்பிடியைத் திரும்பத் தள்ளிவிடக் கூடாது. முழுக்க நின்ற இன்ஜினுக்கு வெப்பமும் கிடையாது, ஏனென்றால் அந்தச் சூடு புகைக்குழாயிலிருந்து வருகிறது. எனவே சக்தியைக் குறைக்கும் முன்பே இழுத்துவிடுவது நல்லது.

டர்பைனில் வேறு கதை. நாள் முழுக்க ஏறுவதும் இறங்குவதுமாக, சுழற்சி எண்ணிக்கை (ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் ஒரு சுழற்சி) மணிக் கணக்கைவிட வேகமாக ஏறிவிடும். வெப்பப் பகுதி அதற்கேற்பத் தேயும். 2006 ஜூலை 29 அன்று மிசௌரியின் சல்லிவனில் ஒரு ட்வின் ஆட்டரில் வலது இன்ஜின் கம்ப்ரசர் டர்பைன் பிளேடுகள் உடைந்து சக்தி போயிற்று. விமானி வேகத்தைக் காக்க முடியாமல் போக, 8 பேரில் 6 பேர் இறந்தார்கள். செஸ்னா கேரவன் போன்றவற்றில் எரிபொருள் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகி இன்ஜின் ஐடிலுக்கு (மிகக் குறைந்த சக்திக்கு) விழுந்தால், அவசர சக்தி லீவர் ஒன்று உண்டு. அதை வேகமாகத் தள்ளினால் இன்ஜின் வெப்பம் எல்லை மீறிவிடும், ஆகவே வெப்பமானியைப் பார்த்தபடி மெல்லத்தான் தள்ள வேண்டும்.

மாணவர்கள் உள்ளே இருக்கும்போது இன்னொன்று. அவர்களுக்கான சைப்ரஸ் தானியங்கிக் கருவி, தாழ்வான உயரத்தில் விநாடிக்கு 13 மீட்டருக்கு மேல் இறங்கினாலே ரிசர்வைத் திறக்கும். நிமிடத்துக்குச் சுமார் 2,500 அடி. வயலைப் பிடிப்பதற்காக விமானத்தைச் செங்குத்தாகச் சரித்தால் உள்ளேயே பாராசூட் வெடித்துத் திறக்கலாம். கதவு திறந்திருந்தால் அது ஆளையே வெளியே இழுத்துப் போகும்.

பெல்ட் இல்லாமல் இதில் எதுவும் உதவாது. சல்லிவன் விசாரணையிலும் சிறந்த பிணைப்பு இல்லாதது காயங்களுக்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. விமானத்தின் உள்தரையில் பின்னோக்கி உட்காருகிறவருக்கு ஒரு புள்ளியில் கட்டியதைவிட இரு புள்ளியில் கட்டிய பெல்ட் உடம்பை நன்றாகப் பிடிக்கிறது. அது இடுப்பெலும்பைத் தாழ்வாகச் சுற்றி ஹார்னஸைப் பற்ற வேண்டும். மணிக்கு 50 மைல் வேகத்திலிருந்து 9 ஜி (புவியீர்ப்பைப் போல் ஒன்பது மடங்கு) அழுத்தத்தில் நிற்க ஒன்பதரை அடிக்கும் குறைவான தூரமே போதும், கட்டியவருக்கு அது தாங்கக்கூடியது. கட்டாதவர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் மீது விழுவார். ஹெல்மெட்டைப் போட்டோ கட்டியோ வைக்க வேண்டும், கேமராவும் அப்படியே.

தரையைத் தொடும் முன் எரிபொருள் வால்வு, மேக்னெட்டோ (தீப்பொறி தரும் கருவி), மாஸ்டர் சுவிட்ச் மூடப்பட வேண்டும். கதவை முன்கூட்டியே தாழ் நீக்கி வைக்க வேண்டும், நசுங்கிய சட்டத்தில் மூடிய கதவு திறக்காது. விமானம் முழுக்க நிற்பதற்கு முன் பெல்ட்டை அவிழ்ப்பவர் இரண்டாவது அதிர்ச்சியில் அடிபடுவார். அதனால் பக்கிள் எங்கே இருக்கிறது என்பதை ஹார்னஸ் பட்டைகளுக்கு அடியில், கண்ணை மூடிக்கொண்டு, தரையில் இருக்கும்போதே தடவிப் பார்த்துப் பழக வேண்டும்.