ஹார்ப்சிகார்டுக்கு வால்யூமைக் குறையுங்கள்

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசையைப் பியானோவில் கேட்டுப் பழகிய காதுக்கு, பியானோவுக்கு முந்தைய கட்டைக் கருவியான ஹார்ப்சிகார்ட் முதலில் தகர டப்பாவில் ஆணியைக் கொட்டியதுபோல் இருக்கும். குற்றம் பெரும்பாலும் கருவியில் இல்லை, வால்யூமில்தான். நேரில் அது சன்னமான வாத்தியம். வீணையைப்போல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டியது. பியானோ பதிவில் மெல்லிய இடங்கள் கேட்க வேண்டுமென்று வால்யூமை ஏற்றி வைத்திருப்போம். ஹார்ப்சிகார்டில் மெல்லிசை, உரத்த இசை என்ற வித்தியாசம் மிகக் குறைவு. அதே அளவில் போட்டால் தொடக்கத்திலிருந்து முடிவுவரை காதைக் குடையும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் இந்தத் தொல்லை இரட்டிப்பு. சாயங்கால மழை தகரக் கூரையில் இறங்கினால் பியானோவின் மெல்லிய பகுதிகள் காணாமல் போகும். கை தானாக வால்யூமை ஏற்றும். அடுத்து வரும் ஹார்ப்சிகார்ட் அடி வாங்கும். இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்க விடியற்காலைதான் நேரம், அந்தக் காலத்தில் தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுத்த பெரட்டு வேளை. விசிறியையும் நிறுத்திவிடுங்கள். முதலில் பியானோ பதிவைப் போட்டு வழக்கமான அளவில் வையுங்கள். ஹார்ப்சிகார்டுக்கு மாறியதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, தந்தியைச் சுண்டும் ‘டிக்’ பின்னால் போய்க் கார்வை முன்னால் வருகிற இடத்தில் நிறுத்துங்கள். 128 கேபிபிஎஸ் எம்பி3 கோப்பு இதற்கு ஆகாது. சுண்டல் அவ்வளவு கூர்மையானது. சுருக்கிய கோப்பில் ஸ்வரம் பிறக்கும் முன்பே ஒரு சீறல் வந்து நிற்கும். பியானோ அதே சுருக்கத்தை ஓரளவு தாங்கிக்கொள்ளும்.

பியானோவில் கம்பளி போர்த்திய சுத்தியல் தந்தியை அடிக்கிறது. விரலின் வேகம் கூடினால் ஒலியும் கூடும். ஹார்ப்சிகார்டில் கட்டையை அழுத்தினால், மறுமுனையில் நிற்கும் மரத்துண்டு மேலே எழும்பும். அதில் செருகிய இறகுத் தண்டு (இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக்) தந்தியைச் சுண்டும். ஓங்கி அடித்தாலும் ஒலி ஏறக்குறைய அதேதான். அப்படியானால் ஒரு ஸ்வரத்தை எப்படி எடுத்துக்காட்டுவது? முந்தைய ஸ்வரத்தைச் சற்று முன்னதாக விட்டுச் சிறு மௌனம் கொடுப்பார்கள். அல்லது அந்த ஸ்வரத்தை இம்மியளவு தாமதிப்பார்கள், ஒன்றாக விழவேண்டிய ஸ்வரங்களை அடுத்தடுத்து உதிர்ப்பார்கள். பியானோவில் எடையால் செய்வதை இங்கே நேரத்தால் செய்கிறார்கள். ஒப்பிடும்போது கேட்க வேண்டியது இதைத்தான்.

பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸில் (ஒரு மெட்டும் அதன் மாறுபாடுகளும்) தொடங்கலாம். 1741இல் அச்சானபோதே இரண்டு அடுக்குக் கட்டைகள் கொண்ட ஹார்ப்சிகார்டுக்கு என்று தலைப்பிலேயே போட்டிருந்தது. 20ஆவது வேரியேஷனில் இரு கைகளும் ஒன்றையொன்று தாண்டி ஓடும். இரண்டு அடுக்கில் கைகள் முட்டாது. பியானோவின் ஒற்றை வரிசையில் ஒரு கை மற்றதன் மேலே ஏற வேண்டும். நல்ல பதிவில் அந்த நெரிசல் காதுக்குத் தெரியாது.

கால அளவை வைத்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள். பியானோக் கலைஞர் கிளென் கூல்ட் இதை 1955இல் பதிவு செய்தது சுமார் 38 நிமிடம், 1981 பதிவு 51 நிமிடம். முதல் பதிவில் பகுதிகளைத் திரும்ப வாசிக்கவில்லை, பிந்தியதில் சிலவற்றை வாசித்தார். எல்லாவற்றையும் திரும்ப வாசிப்பவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தொடக்க ஏரியாவை (அந்த மூல மெட்டை) மட்டும் ஒப்பிடுங்கள்: 1955இல் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு, 1981இல் மூன்று நிமிடம். இரண்டிலும் திரும்ப வாசிப்பு இல்லை, ஆகவே இது உண்மையான வேக வித்தியாசம்.

ஹார்ப்சிகார்ட் பக்கம் வாண்டா லண்டோவ்ஸ்காவின் 1933 பதிவைக் கேளுங்கள். ஆனால் அதை வைத்துப் பழைய கருவியை எடைபோடாதீர்கள். அவர் வாசித்தது இருபதாம் நூற்றாண்டில் பிளேயல் நிறுவனம் கட்டிய, இரும்புச் சட்டம் போட்ட கனத்த கருவி. குஸ்டாவ் லியோன்ஹார்ட்டின் பிற்காலப் பதிவுகள்தான் பழைய முறையில் கட்டிய கருவியின் நாதத்தைக் காட்டும். சுருதியிலும் கவனம் வேண்டும். இத்தகைய பதிவுகளில் ‘ஏ’ ஸ்வரம் பெரும்பாலும் 415 ஹெர்ட்ஸில் இருக்கும், பியானோவில் 440இல். நம் கணக்கில் அரைக் கட்டை வித்தியாசம். உடனுக்குடன் மாற்றிக் கேட்டால் சுருதி ஏறியதையே ‘பிரகாசம்’ என்று காது நம்பிவிடும். நடுவில் ஐந்து நிமிடம் விடுங்கள்.

தம்புராவில் ஊறிய நம் காதுக்கு ஒரு வசதி உண்டு. தம்புராவின் மந்தர ஸட்ஜத்திலிருந்து தானாக எழும் அந்தர காந்தாரம் சுத்தமானது. பியானோவின் சம இடைவெளிச் சுருதியில் அதே காந்தாரம் 14 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தூக்கலாக இருக்கும். ஹார்ப்சிகார்ட் பதிவுகள் பலவற்றில் சுருதி சமமாகப் பங்கிடப்பட்டிருக்காது. பாக்கின் வெல் டெம்பர்டு கிளேவியர் தொகுப்பின் முதல் பாகத்தில் முதல் பிரிலூடையும் (சி மேஜர்) மூன்றாவதையும் (சி ஷார்ப் மேஜர்) அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவதில் காந்தாரம் ஓய்வாக உட்காரும், மூன்றாவதில் துடிக்கும். பியானோவில் இரண்டும் ஒரே குணம்தான். ஹார்ப்சிகார்டை விடாமல் கேட்க இந்த ஒரு காரணமே போதும்.

ஃபியூக் (ஒரே கருப்பொருளைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் வடிவம்) என்று வரும்போது நிலைமை மாறுகிறது. பியானோவில் கருப்பொருள் வரும் குரலை அழுத்தி, ‘இதோ’ என்று காட்டலாம். புதிதாகக் கேட்பவருக்கு அது பெரிய துணை. ஆனால் மற்றக் குரல்கள் பக்கவாத்தியமாகச் சுருங்கிப்போகும். ஹார்ப்சிகார்டில் எல்லாக் குரலும் சமம். தேடும் வேலை நம்முடையது.

பாக்கின் சமகாலத்தவரான ஸ்கார்லாட்டி விஷயத்தில் தயக்கமே வேண்டாம், ஹார்ப்சிகார்ட்தான். கே.119 சொனாட்டாவில் பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களைக் கொத்தாக அழுத்தும் இடங்கள் உண்டு. சுண்டும் தந்தியில் அது கிடாரை வாரி மீட்டியதுபோல் பொறி பறக்கும். பியானோவில் கட்டிதட்டிப் போகும். ஹார்ப்சிகார்ட் கலைஞர் ஸ்காட் ராஸ் 1984–85இல் அவருடைய 555 சொனாட்டாக்களையும் பதிவு செய்திருக்கிறார். பியானோவில் ஹோரோவிட்ஸின் 1964 பதிவு அழகானதுதான், ஆனால் அந்த அழகு பியானோவுக்கே உரியது.

கிரேடு தேர்வுக்குப் பாக்கை வாசிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், டிஜிட்டல் பியானோவில் உள்ள ஹார்ப்சிகார்ட் ஒலியை அழுத்திவிட்டு பாக்கின் ஒரு இன்வென்ஷனை (இரு குரல் சிறு பாடம்) வாசிக்கச் சொல்லுங்கள். பல மாடல்களில் அந்த ஒலி விரலின் வேகத்துக்கு மசியாது. இடது கை மங்கியதுபோல் தோன்றினால் அழுத்த வேண்டாம்; எப்போது விடுகிறோம் என்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்வரத்தை அடுத்ததன் மேல் கொஞ்சம் படிய விட்டால் ஒட்டும், முன்னதாக எடுத்தால் அடுத்தது எழுந்து நிற்கும். பத்து நிமிடம் இப்படி வாசித்துவிட்டு மீண்டும் பியானோ ஒலிக்கு மாற்றட்டும்.