மேட்டு லயத்துக்குச் சாமி போன இரவு

யாத்திரை என்றால் நாம் சாமியைத் தேடிப் போவதுதான். கதிர்காமத்துக்கு நடப்போம், சிவனொளிபாதமலை ஏறுவோம், மாசி மகத்துக்கு மாத்தளைக்குப் பஸ் பிடிப்போம். எங்கள் தேயிலைத் தோட்டத்துத் திருவிழா மட்டும் இதற்கு நேர்மாறு. வாசலைக் கூட்டிக் கோலம் போட்டு, நிறைகுடம் வைத்துவிட்டு நின்றால் போதும். நடக்கிற பாடெல்லாம் சாமிக்குத்தான்.

போன சித்திரையில் அம்மாயி வீட்டுக்குப் போனேன். தலவாக்கலைக்கும் லிந்துலைக்கும் இடையில், பெரிய ரோட்டிலிருந்து மூன்று கட்டை (மைல்) உள்ளே இருக்கிற தோட்டம். பெயர் வேண்டாம். எழுதினால், "எங்க தோட்டத்தப் பத்தி என்னா எழுதின?" என்று கேட்க நாலு பேர் புறப்பட்டு வருவார்கள்.

புத்தாண்டுக்கு ஊருக்குப் போகாமல் லீவை மிச்சம் பிடித்து வைத்திருந்தேன். ஏப்ரல் 13, 14 இரண்டு நாளும் நாடே பூட்டிக் கிடக்கும். ஆனால் கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்கிற எங்கள் பக்கத்துப் பொடியன்கள் அந்த இரண்டு நாளோடு திரும்புவதில்லை. திருவிழாவையும் முடித்துக்கொண்டுதான் வருவார்கள். முதலாளிமாருக்கும் அது தெரியும். தோட்டக் கமிட்டிகளும் இதைக் கணக்குப் பண்ணித்தான் நாள் குறிக்கின்றன. பஞ்சாங்கம் ஒரு பக்கம் என்றால், பொடியன்களின் லீவு இன்னொரு பக்கம்.

அடுத்த வெள்ளிக்கிழமை கொழும்பில் பஸ் ஏறினேன். அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை, அட்டன். கினிகத்தேனை வரைக்கும் நின்றபடிதான். சித்திரையில் மலைக்குப் போகிற கூட்டம் இரண்டு வகை. நுவரெலியாவுக்கு சீசன் பார்க்கப் போகிறவர்கள் ஜன்னலோரம் கேட்பார்கள். அம்மா அப்பாவைப் பார்க்கப் போகிறவர்கள் பைகளை வைக்க இடம் கேட்பார்கள். அட்டன் தாண்டி டெவோன், சென் கிளேயர் நீர்வீழ்ச்சிகள் தெரிகிற வளைவில் முதல் வகை கேமராவை எடுக்கும். இரண்டாவது வகை அதற்குள் தூங்கியிருக்கும்.

நான் போய்ச் சேர்ந்தபோது கொடியேறி, காப்பும் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டியபோது தோட்டத்தில் இருந்தவர்கள் திருவிழா முடியும்வரை வேறு ஊரில் இராத் தங்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். "நீ பிந்தி வந்தவன், ஒனக்கு அந்தக் கட்டு இல்ல. ஞாயித்துக்கிழமையே ஓடிறலாம்" என்று அத்தை சிரித்தாள். அதில் ஒரு குத்தல் இல்லாமல் இல்லை.

சனிக்கிழமை காலை மாமா மகனோடு சீதா எலிய போனேன். இருட்டுவதற்குள் அவன் திரும்பியாக வேண்டும், கையில் காப்பு. நுவரெலியா டவுனைத் தாண்டுவதற்கே ஒரு மணி நேரம் போனது. கிரகரி வாவி, குதிரைப் பந்தயத் திடல், மலர்க் கண்காட்சி என்று ஊரே கொழும்பாகிக் கிடந்தது. சீசன் பார்க்க வருகிறவர்கள் பார்க்கட்டும், நான் குறை சொல்லவில்லை. ஐந்து கிலோமீட்டர் தள்ளி, ஹக்கல போகிற ரோட்டோரத்தில் சீதையம்மன் கோயில். 2024 மே 19 ஆம் திகதி கும்பாபிஷேகம் நடந்தபோது அயோத்தியிலிருந்து சரயு நதித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். இராமாயணத் தலங்களைச் சுற்றிப் பார்க்க வரும் இந்தியப் பயணிகள்தான் இப்போது அங்கே அதிகம். கோயிலை ஒட்டி ஓடுகிற ஓடையும், அதன் கரைப் பாறையில் அனுமனின் பாதம் என்று காட்டுகிற குழிகளும்தான் எனக்குப் பிடித்தவை. அந்தத் தண்ணீரில் கால் வைத்தால் குளிர் முழங்கால் வரைக்கும் ஏறும். சிறையிருந்தவளுக்குத் துணையாக ஓடிய தண்ணீர் என்று அம்மாயி சொல்லுவாள். தானும் ஒரு காலத்தில் அதே மாதிரி இருந்ததாக அவளுக்கு ஒரு எண்ணம்.

நாலு மணிக்கெல்லாம் தோட்டத்துக்கு வந்துவிட்டோம். அன்றைக்குத்தான் ஆற்றங்கரையில் கரகம் பாலிப்பது.

எங்கள் பக்கத் திருவிழாவை யாராவது பார்க்க ஆசைப்பட்டால், தேரை விட்டாலும் பரவாயில்லை, கரகம் பாலிப்பதை விடாதீர்கள் என்பேன். ஆறு என்று பெயர்தான், இரண்டு எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். கரையில் வேட்டியைத் திரையாகக் கட்டி, உள்ளே பூசாரியும் கரகம் எடுப்பவரும் மட்டும். வெளியே நாங்கள் பனியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம். தப்புக்காரர்கள் சருகைக் கூட்டி நெருப்புப் போட்டுத் தப்பை, அதாவது பறையை, காய்ச்சுகிறார்கள். மலையகப் பனியில் தோல் பத்து நிமிடத்தில் தளர்ந்துவிடும். காய்ச்சி அடித்தால்தான் "கணீர்" என்று கேட்கும். திரைக்குள்ளே செம்பில் தண்ணீர் எடுத்து, வேப்பிலை செருகி, பூச்சுற்றி, கூம்பு மாதிரி உயர்த்துகிறார்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அம்மன் உத்தரவு தர வேண்டும். அடி மாறி மாறி வரும். திடீரென்று ஒரு அடி விழும், அது வேறு அடி. திரை விலகும். கரகம் தலையில் ஏறியிருக்கும். அதைத் தூக்கியவர் வார நாளில் கொழுந்து லொறியில் சாக்கு ஏற்றுகிறவர். எனக்கு நன்றாகத் தெரிந்த முகம்தான். அந்த நேரத்தில் எனக்கு அவரைத் தெரியவில்லை.

தப்பைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் விடியக்காலை ஆட்களைப் பிரட்டுக்களத்துக்கு, வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு, கூப்பிட்டதும் இதே தப்புதான். பனியில் எழுப்பி வேலைக்கு விரட்டிய சத்தமும், சாமியை எழுப்பிய சத்தமும் ஒரே தோலில் இருந்துதான் வந்தன. அடிப்பவர்களை மட்டும் கோயில் படிக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தோம். என் சின்ன வயசில் அதை நானே பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை அவர்கள் குடியிருக்கிற லயத்து, அதாவது வரிசை வீட்டு, பொடியன் ஒருவன்தான் கமிட்டிப் பொருளாளர். பக்திப்பாட்டு செட்டை நிறுத்தச் சொல்லி, "தப்புக் கேக்கட்டும்" என்று அவன் கத்தியபோது ஒருத்தரும் மறுபேச்சுப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பால்குடம், காவடி, அன்னதானம். லயத்துக்குப் பின்னால் அவரவர் தோட்டத்தில் விளைந்த கோவா, லீக்ஸ், கரட், போஞ்சி எல்லாம் கோயிலுக்கு வந்துவிடும். அரிசிக்கும் பருப்புக்கும் வரிக்காசு. குடும்பத்துக்கு மூன்று நாள் சம்பளத்துக்குக் குறையாமல் வரி. நாட்சம்பளத்தை ஆயிரம் ரூபாயாக்குவதற்கே 2021 வரைக்கும் இழுத்தடிக்கப்பட்ட சனங்கள் இவர்கள். அம்மனுக்கென்றால் கணக்குப் பார்ப்பதில்லை. கணக்குப் பார்த்தால் நல்லது என்று எனக்குச் சில சமயம் தோன்றும். ஆனால் பந்தியில் உட்கார்ந்து அந்தப் பூசணிக்காய்க் கறியைச் சாப்பிடும்போது தோன்றாது.

எல்லாம் மரத்தடிக் கல்லில் ஆரம்பித்ததுதான். கோப்பிக் காலத்தில் இந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் வந்து இறங்கிக் காட்டுவழியே நடந்தே வந்தவர்கள், செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள், மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த மாத்தளையில்தான் முத்துமாரியம்மன் இன்றைக்கு 108 அடி இராஜகோபுரத்தோடு நிற்கிறாள். 1983 கலவரத்தில் அவள் கோயிலும் தப்பவில்லை. திரும்பக் கட்டினார்கள். மாசி மகத்துக்கு ஐந்து தேர் இழுக்கிறார்கள். மலையகத் தமிழர் வந்து 200 வருசம் என்று 2023 இல் தலைமன்னாரிலிருந்து நடந்தவர்கள் நடையை முடித்ததும் மாத்தளையில்தான். மாத்தளையிலிருந்து இன்னும் மேலே ஏறிப்போனவர்கள் அங்கங்கே ஒரு கல்லை நட்டு மாரியம்மா என்றார்கள். லூல்கந்துரவில் 1867 இல் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெயிலரின் பெயர் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறது. கல் நட்டவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கல் இருக்கிறது.

மாரியம்மனோடு மட்டும் அது நின்றுவிடவும் இல்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி காலில் படாமலிருக்கக் கவ்வாத்துச் சாமி. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், மிசின் சக்கரத்துக்குள் கை போகாமலிருக்க ரோதைமுனி. ரோதை என்றால் சக்கரம். உலகத்தில் வேறு எங்காவது மிசினுக்கு ஒரு முனி இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஸ்டோர் மூடி வருசங்களாயிற்று, கொழுந்து லொறியில் வேறு தோட்டத்துக்குப் போகிறது. ஆனாலும் சப்பரம் அந்த இடத்துக்கு வந்ததும் நின்றது. துருப்பிடித்த கேட்டுக்கு முன்னால் ஒரு தேங்காய் உடைத்தார்கள். ஓடாத சக்கரத்துக்கும் காவல் உண்டு.

இரவு ஒன்பது மணிக்கு வெளிக்கிட்ட சப்பரம், ஸ்டோர் தாண்டி, பங்களா வளைவு தாண்டி, ஒவ்வொரு லயமாக நின்று நின்று போனது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தட்டு, ஒரு தேங்காய், ஒரு தீபம். நூற்றுக்கு மேல் வீடுகள். சாமி அவசரப்படுவதில்லை, தூக்குகிறவர்கள்தான் அவசரப்படுவார்கள். பன்னிரண்டு மணிக்கு மழை பிடித்தது. தார்ப்பாயைப் போட்டு அம்மனை மூடினார்கள். ஜெனரேட்டர் ஒரு தடவை இருமிவிட்டு நின்றுபோனது. போன் வெளிச்சத்தில் தீபாராதனை நடந்தது.

அப்புறம்தான் தகராறு. மிச்சமிருந்தது மேட்டு லயம் மட்டும். இருபது காம்பரா வீடுகளில் இப்போது மூன்று குடும்பம்தான். மற்றவர்கள் கொழும்புக்கும் அரபு நாட்டுக்கும் போய்விட்டார்கள். ஏறுவதற்கு வெறும் படிக்கட்டுப் பாதை. சப்பரம் ஏறாது. சாமியை இறக்கித் தோளில் தூக்க வேண்டும்.

"மூணு குடும்பம்தானே, அவங்க இங்க எறங்கி வந்து கும்பிட்டுட்டுப் போகட்டும்" என்றார் தலைவர். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மழை, வழுக்கல், பொடியன்கள் காலையிலிருந்து விரதம்.

எங்கள் அத்தைதான் குடையை மடக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "வரி வாங்க மட்டும் மேல ஏறத் தெரிஞ்சிச்சில்ல அண்ணே?"

யாரோ சிரித்தார்கள். தலைவரும் சிரித்துவிட்டார். பொருளாளர்ப் பொடியன் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டினான். அதுதான் முடிவு.

பன்னிரண்டு பேர் தோள் கொடுத்தோம். நானும் பின்பக்கம் ஒரு கை. கொழும்பில் படி ஏறினால் மூச்சு வாங்குகிறவன் நான். எத்தனை படி என்று எண்ணவில்லை, எண்ணுகிற நிலையிலும் இல்லை. முன்னால் தப்பு போனது. நனைந்த தோல் "தொப் தொப்" என்று பாவமாக ஒலித்தது. ஒரு வளைவில் எனக்கு முன்னால் நின்றவனின் கால் வழுக்கி, அம்மன் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். பன்னிரண்டு பேரும் ஒரே சத்தமாக "அம்மா!" என்றோம். அது பக்தியா பயமா என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டேன்.

மேலே, பூட்டிக் கிடந்த கதவுகளின் வரிசையில், ஒரு வாசலில் விளக்கு எரிந்தது. கிழவி ஒருத்தி நின்றாள். அம்மாயியோடு ஒரே மலையில் கொழுந்து பறித்தவள். மழை பாதியை அழித்த கோலம், தகரத்தடியில் நிறைகுடம், தட்டில் வெற்றிலை பாக்கு. எத்தனை மணியிலிருந்து நிற்கிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் சாமியைப் பார்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. எங்களைப் பார்த்துத்தான், "நனைஞ்சிட்டீங்களே புள்ளைகளா" என்றாள்.

தீபாராதனை முடிந்ததும் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். இஞ்சி போட்ட சாயத்தண்ணி. இருந்த டம்ளர்கள் ஆறு. தூக்கியவர்கள், தப்புக்காரர், பூசாரி என்று கை மாறி மாறி, என்னிடம் வருவதற்குள் கேத்தல் காலியாகிவிட்டது. சரி, பரவாயில்லை என்று இறங்கினேன். இறங்குவது ஏறுவதைவிட மோசம்.

திங்கள் காலை மஞ்சள் நீராட்டு. அதன் பிறகு கரகம் குடிவிடுவார்கள், அதாவது அம்மனை வழியனுப்பிவைப்பார்கள். அதைப் பார்க்காமல் போக மனமில்லை. ஆபீசுக்கு இன்னொரு நாள் லீவு சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் போன் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் மேட்டு லயம். மறுபடி அதே படி. சொட்டச் சொட்ட மஞ்சள் தண்ணீரோடு, மூச்சு வாங்க மேலே போய்ச் சேர்ந்து போனைத் தூக்கிப் பிடித்தபோது, கிழவி ராத்திரி மிதிபட்ட வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஈர்க்குமாறைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனாள்.

"ராத்திரி ஒனக்குத்தானே கெடைக்கல்ல" என்று டம்ளரை நீட்டினாள். "இந்தா, குடி."