காகித மாதாவின் காலடியில்

தூத்துக்குடியில் பிறந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், எங்கள் பனிமய மாதா மணிலாவிலிருந்து கப்பலேறி வந்தவள் என்று. சாந்தா எலேனா என்ற கப்பல், 1555-ஆம் வருடம், ஜூன் 9. என் பாட்டி வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாள். அதனால் சின்ன வயதிலிருந்தே மணிலா எனக்கு வெளிநாட்டு ஊர் இல்லை, மாதாவின் பிறந்த வீடு. மகளுக்கு இங்கே மெடிக்கல் சீட் கிடைக்காமல், பிலிப்பைன்ஸில் படிக்க வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது அவள் அப்பா கடனை நினைத்துத் தயங்கினார். நான் தயங்கவில்லை. மாதா வந்த ஊருக்குத்தானே பிள்ளை போகிறாள்!

ஆனால் அவள் போய்ச் சேர்ந்தது மணிலா இல்லை. அங்கிருந்து வடக்கே ராத்திரி முழுக்க பஸ்ஸில் போக வேண்டிய துகெகராவ். ககயான் ஆற்றங்கரை நகரம். நம்ம ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே டாக்டருக்குப் படித்தார்கள்.

2018 செப்டம்பர் 14, சாயங்காலம் போனில் பேசினாள். புயல் வருகிறது, ஓம்போங் என்று பேர் வைத்திருக்கிறார்கள், அரிசியும் மெழுகுவர்த்தியும் வாங்கி வைத்துவிட்டோம், பயப்படாதே என்றாள். வெளி உலகம் மங்குட் என்று சொன்ன புயல் அதுதான். அவர்கள் கணக்குக்கு 15-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி, அதே மாகாணத்தில் பக்காவ் என்ற ஊரில் கரையேறியது. அதோடு போன் செத்துவிட்டது. துகெகராவ் விமான நிலையம் சிதைந்து கிடப்பதை டிவியில் காட்டினார்கள். செப்டம்பர் 15 வியாகுல மாதா திருநாள். காலைப் பூசைக்குப் போனவள் பூசை முடிந்தும் எழுந்திருக்கவில்லை. "அம்மா, என் பிள்ளைக்குப் பக்கத்தில் எந்தக் கோயிலில் நீ இருக்கிறாயோ, அந்தக் கோயிலுக்கு வந்து வாசலிலிருந்து பீடம் வரைக்கும் முழந்தாளில் வருகிறேன்" என்று நேர்ந்துகொண்டேன். பேர் தெரியாத கோயிலுக்கு ஒரு பொருத்தனை.

மூன்றாம் நாள் போன் வந்தது. தகரக் கூரை பறந்துவிட்டதாம். வீட்டுக்கார அம்மா பிள்ளைகள் எல்லாரையும் மாடிப்படிக்குக் கீழே உட்கார வைத்து, ஒரு மாதா படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, விடியும் மட்டும் செபமாலை சொன்னாராம். "எம்மா, அது பியாட் மாதா. இங்கேருந்து ஒரு மணி நேரத்துல இருக்கா. அவ சுரூபம் காகிதத்துல செஞ்சதாம். நானூறு வருசமா மழையிலயும் புயல்லயும் காகிதமே ஒண்ணும் ஆகாம இருக்கு, உங்களுக்கு என்ன ஆகப்போகுதுன்னு வீட்டுக்காரத் தித்தா சொன்னாங்க."

பேர் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நேர்ச்சையை நிறைவேற்ற ஆறு வருடம் ஆனது. கொரோனா வந்தது. படிப்பு முடிந்து வந்தபின் இங்கே எழுத வேண்டிய பரீட்சை வந்தது. பத்துப் பேர் எழுதினால் இரண்டு மூன்று பேர் தேறுகிற பரீட்சை. இரண்டு தடவை போய், மூன்றாம் தடவை மாதா கைதூக்கிவிட்டாள். ஒரு வருடப் பயிற்சியும் முடித்த கையோடு, 2024 ஜூன் கடைசியில் அவளையும் கூட்டிக்கொண்டு முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினேன். பையில் ஒரு முடிச்சு கல்லுப்பும் மிளகும். காணிக்கை என்றால் எங்களுக்கு அதுதான். உப்பு எங்கள் மண்ணில் விளைந்தது.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மணிலாவிலிருந்து ராத்திரி பஸ், ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். ஏசியைக் குறைக்கச் சொன்னால் டிரைவருக்குக் கேட்கவே இல்லை. மலைவழியில் எனக்கு இரண்டு முறை வாந்தி. காலையில் துகெகராவில் இறங்கியபோது கால் வீங்கி செருப்புக்குள் நுழையவில்லை. அதைவிடக் கொடுமை வேன்காரர். திருநாள் கூட்டத்தைப் பார்த்ததும் மூன்று மடங்கு வாடகை சொன்னார். மகள் அவர்கள் பாஷையில் பேசிப் பாதியாகக் குறைத்தாள். பத்துப் பேர் வண்டியில் பதினாறு பேரை ஏற்றிக்கொண்டார். மாதாவைப் பார்க்க வருகிறவர்களிடம் இப்படிப் பறிக்கலாமா என்று எனக்கு ஆறவே இல்லை.

புந்துன் பாலத்தில் ஏறியதும் அதெல்லாம் மறந்துபோனது. ஒரு கிலோமீட்டருக்கும் நீளமான பாலம். கீழே ககயான் ஆறு செம்மண் கரைந்த நிறத்தில் அகண்டு ஓடுகிறது. இந்தத் தண்ணீருக்குப் பக்கத்திலா என் பிள்ளை அந்த ராத்திரி இருந்தாள்! பாலம் முடியும்வரை செபமாலையை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

பியாட் சின்ன ஊர். இருபதாயிரத்துச் சொச்சம் சனம். நகராட்சி என்று சொன்னாலும் பார்க்கிற இடமெல்லாம் சோளக்காடு, நெல்வயல், கரும்பு. பக்கத்திலேயே ஒரு கரும்பாலை இருக்கிறது. ரோட்டில் பாதியை மறித்து தானியம் காயப் போட்டிருந்தார்கள். வண்டிகள் ஒதுங்கித்தான் போகின்றன. நம் கிராமத்தில் பார்க்கிற அதே காட்சி. ஊரின் பூர்வ சனங்களுக்கு இதாவிஸ் என்று பேர். மாதாவை அந்தப் பக்கத்துப் பாஷையில் 'யேனா தாம் ஙாமின்' என்கிறார்கள். நம் எல்லோருக்கும் அம்மா என்று அர்த்தமாம். தங்கியிருந்த வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் ஓடிவந்து என் கையைப் பிடித்துத் தங்கள் நெற்றியில் வைத்துக்கொண்டன. பெரியவர்களிடம் ஆசீர் வாங்குகிற வழக்கம் அது. முன்பின் தெரியாத பிள்ளைகள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாதாவின் சரித்திரத்தை அந்த வீட்டுக்காரர் சொல்ல மகள் தமிழில் சொன்னாள். 1604-இல் சீனக் கரையில் இருக்கிற மக்காவ் என்ற ஊரிலிருந்து சாமிநாதர் (டொமினிக்) சபைக் குருக்கள் கொண்டுவந்த சுரூபம். முதலில் ஆற்றின் கீழ்ப்பக்கம் லால்லோவில் இருந்தது. 1623-இல் பியாட்டுக்கு வந்தது. அந்தக் காலத்தில் பியாட்டுக்காரர்களுக்கும் பக்கத்து துவாவ்காரர்களுக்கும் தீராத வெட்டுக்குத்து என்றும், அதனால் இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்த மேட்டில் மாதாவுக்குக் கோயில் கட்டினார்கள் என்றும் சொல்கிறார்கள். திருநாளை ஒட்டி ஆடுகிற சம்பாலி ஆட்டத்தில் இன்றைக்கும் அந்தச் சண்டைக் காலத்து அடவுகள்தான். மாதா பியாட்டுக்கு வந்த அடுத்த வருடமே பெரும் பஞ்சம் வந்து, சனங்கள் மனந்திரும்பி மாதாவிடம் மன்றாட மழை கொட்டியதாம். 1954-இல் முடிசூட்டினார்கள். இப்போது பசிலிக்கா.

மாதா எலிசபெத்தம்மாளைப் பார்க்கப் போன திருநாள் நம் காலண்டரில் மே 31-க்கு மாறிவிட்டது. பியாட்டில் பழையபடி ஜூலை 2. பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒத்தாசை செய்ய மலைநாட்டுக்கு நடந்து போன மாதாதான் இந்த ஊர் மாதா. வேறொருத்தி வீட்டுக்கு உதவிக்குப் போனவள். என் பிள்ளை இருந்த மாடிப்படிக்குக் கீழேயும் அப்படித்தானே வந்தாள்?

அன்று விடியற்காலை நாலு மணிக்கே கோயில் மேட்டில் எள் போட இடமில்லை. முந்தின ராத்திரியே நடந்து வந்தவர்கள் பாயை விரித்துப் படுத்திருந்தார்கள். மெழுகுவர்த்தி விற்கிற பெண்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். படிப்புக்கு ஒரு நிறம், கல்யாணத்துக்கு ஒரு நிறம், நோய்க்கு ஒரு நிறம். வேண்டாம் என்றாலும் விடுவதில்லை. ஒரு பையன் மகளின் தோள்பையில் ஒரு கட்டைச் செருகிவிட்டுக் காசு கேட்டு வாசல்வரை வந்தான். உள்ளே போனால் ஆளாளுக்குக் கையில் போனைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். மாதா முகம் தெரியாமல் முன்னால் முழுக்க போன் வெளிச்சம். இவ்வளவு தூரம் வந்து அம்மாவை நேரே பார்க்காமல் போனுக்குள்ளா பார்ப்பது?

வாசலில் முழந்தாளிட்டேன்.

வேளாங்கண்ணி மணலில் முழந்தாள் போட்டு நடந்து பழக்கம் உண்டு. இது தரை. பத்தடி போவதற்குள் எலும்பு நேரே கல்லில் இடிக்கிற மாதிரி இருந்தது. ஐம்பத்தெட்டு வயது, சர்க்கரை வேறு. மகள் "எழும்பும்மா, போதும், மாதா ஏத்துக்குவா" என்று அழுகிறாள். ஐந்தாறு பெஞ்சு தாண்டியதும் முட்டு வெட்டி இழுத்து, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் அப்படியே நின்றுவிட்டேன். சனம் நெருக்குகிறது. "அம்மா, என்னால் முடியலை" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அப்போது பக்கத்தில் ஒரு கிழவி. என்னைவிடப் பத்து வயது மூப்பு இருக்கும். பல்லில்லாத வாய், வெயிலில் கருத்த கை, விரல்நுனி வெடித்திருந்தது, காட்டு வேலை செய்கிற கை. தோளில் கிடந்த துண்டை எடுத்து நான்காக மடித்து என் முழந்தாளுக்கு முன்னால் போட்டாள். நான் அதன்மேல் நகர்ந்ததும் பின்னாலிருந்து உருவி மறுபடி முன்னால் போட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து குனிந்து, போடுவதும் எடுப்பதுமாகப் பீடம் வரைக்கும் என்கூடவே வந்தாள். கூட்டம் தானாக வழிவிட்டது. அவளுக்கு இடுப்பு வலித்திருக்காதா?

பீடத்துக்குக் கீழே நிமிர்ந்து பார்த்தேன்.

பெரிய அங்கி, பெரிய கிரீடம், உள்ளே சின்ன முகம். கறுத்த முகம். வெயிலில் உப்பு வாருகிற எங்கள் ஊர்ப் பெண்களின் நிறம். கையில் குழந்தை. இவ்வளவு பவிசுக்குள்ளும் இருப்பது காகிதம். ஒரு குடம் தண்ணீர் போதும் கரைவதற்கு. இவளா புயலைத் தடுத்தாள்? இவள்தான் தடுத்தாள். ஆறு வருடமாக என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று மனசில் அடுக்கி வைத்திருந்தேன். கடன், பரீட்சை, பிள்ளையின் கல்யாணம், அவள் அப்பாவின் நெஞ்சுவலி. ஒன்றும் வாயில் வரவில்லை. "அம்மா, அம்மா" என்பது மட்டும்தான் வந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கி பாதியில் மறந்துபோய், அவர்கள் பாஷையில் சுற்றிலும் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். நன்றியம்மா. என் பிள்ளையை உயிரோடு கொடுத்ததற்கு நன்றி. பேர் தெரியாமல் கூப்பிட்டவளுக்குப் பேர் சொல்லி வந்ததற்கு நன்றி.

உப்பு முடிச்சைக் காலடியில் வைத்தேன். மழைக்காலத்து ஈரத்தில் துணி நனைந்திருந்தது. கிழவி எடுத்து மோந்து பார்த்தாள். மிளகு வாசத்துக்குத் தும்மிவிட்டுச் சிரித்தாள். பிறகு இருந்த இடத்திலேயே பத்திரமாகத் திருப்பி வைத்தாள்.

வெளியே வந்து துண்டைக் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறாள். காசு கொடுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். என் கழுத்தில் கிடந்த செபமாலையைக் கழற்றினேன். பனிமய மாதா பதக்கம் கோத்தது. மகள் விளக்கிச் சொன்னாள், இந்த மாதா உங்கள் நாட்டிலிருந்து கப்பலில் எங்கள் ஊருக்கு வந்தவள் என்று. கிழவி பதக்கத்தை முத்தம் செய்துவிட்டு மகளிடம் வேகவேகமாக ஏதோ சொன்னாள். கண்ணில் தண்ணீர்.

"என்ன மக்கா சொல்லுறாவ?"

"அவங்களுக்கும் ஒரு மகளாம்மா. ஹாங்காங்ல வீட்டு வேலை பாக்காங்களாம். நாலு வருசமா வரலியாம். தூரத்துல இருக்கிற பிள்ளைங்களை உங்க மாதா பாத்துக்குவாளான்னு கேக்காங்க. உன்னை அங்கே போய்ச் சொல்லச் சொல்றாங்க."

பேரைக் கேட்டு செபப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

ஜூலை 26 எங்கள் கோயிலில் கொடியேற்றம். எப்போதும் என் குடும்பத்துக்காக நிற்கிற அதே தூணுக்குப் பக்கத்தில் துண்டை விரித்து முழந்தாளிட்டேன். கொடி ஏறும்போது சனமெல்லாம் "மரியே வாழ்க" என்று சத்தம் போட்டது. நான் புத்தகத்தைப் பிரித்து, முதலில் அந்தப் பிள்ளையின் பேரைச் சொன்னேன்.