மாவளி கட்டுவோம்: கரி, துணி, மட்டை, கயிறு

ஐப்பசி பாதி தாண்டினால் போதும், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வாணப் பைத்தியம் பிடித்தவர்கள் நாலு பேர் சேரும் இடத்திலெல்லாம் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். "அண்ணா, புஸ்வாணம் நம்மளே போட்டா என்னங்ண்ணா? வெடியுப்பு வாங்கிட்டா மிச்சமெல்லாம் கைல இருக்குதே." கேட்கிற தம்பிகளுக்கு என் பதில் ஒன்றுதான். வெடிமருந்துப் பக்கம் போக வேண்டாம், மாவளி கட்டு. பனம்பூக் கரித்தூளைத் துணியில் சுருட்டி, பனைமட்டையில் செருகி, கயிற்றில் கட்டிக் கார்த்திகை தீபத்தன்று பொறி பறக்கச் சுற்றுவோமே, அதுதான் மாவளி.

இது ஆசையை அடக்கச் சொல்லும் பேச்சு இல்லை. வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்) மாதிரிப் பொருள்கள் ஆக்ஸிஜனைத் தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன. கலவை ஒருமுறை பற்றிவிட்டால் காற்று தேவையில்லை. மூடினாலும் அணையாது, மூடிய இடத்தில் இன்னும் வேகமாக எரியும். குளோரேட் என்ற அதே ரக உப்பும் கந்தகமும் சேர்ந்தால் லேசான உரசலே போதும், அதனால்தான் அந்தச் சேர்க்கையை 1992-லேயே நம் நாட்டில் தடை செய்தார்கள். உரிமம் இல்லாமல் வீட்டில் பட்டாசு மருந்து கலப்பது 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், 2023-ஐ நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் குடோன் இருந்த கட்டடம் வெடித்து ஒன்பது உயிர் போனது. அக்டோபர் 7 அன்று ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்தது. செத்தவர்களில் பாதிக்கு மேல் தீபாவளி வேலைக்கென்று போன நம் பிள்ளைகள், பலர் தர்மபுரி மாவட்டம் அம்மாபேட்டைக்காரர்கள். வீட்டுத் திண்ணையில் மருந்து கலக்கலாமா என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனசு வராது.

மாவளியில் வெடிமருந்தே கிடையாது. கரி எரிவது வெளிக்காற்றால் மட்டுமே. சுற்றினால் காற்று கிடைக்கும், பொறி பறக்கும். நிறுத்தினால் தணலாக அடங்கும், தண்ணீரில் போட்டால் செத்துவிடும். இவ்வளவு சொன்ன பேச்சைக் கேட்கும் வாணம் வேறு இல்லை. கற்றுக்கொள்ள அதில் இருக்கும் சங்கதியும் கொஞ்சநஞ்சம் அல்ல.

முதலில் பூ. ஆண் பனையின் பூக்காம்புதான் வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு அடி நீளம், பெருவிரல் பருமன் இருக்கும். பெண் பனையில் காய்தான் வரும், இது வராது. காரிமங்கலம், பாலக்கோடு, காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி என்று எங்கே போனாலும் ஏரிக்கரையிலும் வரப்பிலும் பனை நிற்கிறது. ஆண் மரம் எது என்று நிலத்துக்காரரே காட்டிவிடுவார். பூ உதிர்ந்து கிடப்பது கோடையில். தீபம் வருவதோ மழைக்காலத்தில். கார்த்திகை பிறந்த பிறகு மரத்தடியில் தேடினால் ஊறிப்போன, பூஞ்சை பிடித்த காம்புதான் கிடைக்கும். சித்திரை, வைகாசியில் பொறுக்கி, காயவைத்து, கோணிப்பையில் கட்டிப் பரண்மேல் போட்டு வைக்க வேண்டும். ஒடித்தால் 'படக்'கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் காயவில்லை.

பனம்பூ ஏன், வேறு கரி ஆகாதா என்றால், ஆகும், ஆனால் இந்தப் பூரிப்பு வராது. பூக்காம்பு உள்ளுக்குள் கண் கண்ணாக இருக்கும், சுட்டால் கரியும் அப்படியே எடையற்று, துளைகளோடு நிற்கும். சீக்கிரம் கனலும், காற்று உள்ளே புகும். கருவேலங்கரி கெட்டியாக இருப்பதால் பற்றவே நேரமாகும். பற்றிய பிறகும் பொறியாகப் பறக்காமல் கட்டியாக உட்கார்ந்துவிடும். கொட்டாங்குச்சிக் கரியும் அதே ரகம். செடி கொடியின் சாம்பலில் இருக்கும் பொட்டாசியம் உப்பு கரி எரிவதைத் தூண்டும், அதனால் கரியைத் தண்ணீரில் அலசி 'சுத்தம்' செய்யக் கூடாது. அலசினால் அந்த உப்புதான் போகும்.

இனி சுடுவது. மாவளியின் பாதி உயிர் இங்கேதான் இருக்கிறது, பலர் அவசரப்படுவதும் இங்கேதான்.

இரண்டு அடி ஆழம், ஒன்றரை அடி அகலத்தில் ஒரு குழி போதும். அடியில் கொஞ்சம் பனையோலையைப் போட்டுப் பற்றவைத்து, பூவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் மேலே எரியும், அடியில் வேகாது. ஆரம்பத்தில் வெள்ளையாகக் கெட்டிப் புகை வரும், அது ஈரமும் தாரும் போகிற புகை. அது மெலிந்து நீலமாகி, சுவாலை அடங்கி, பூவெல்லாம் சிவந்து நிற்கும் நேரம்தான் மூட வேண்டிய நேரம். நனைத்த கோணியைப் போட்டு, அதன்மேல் மண்ணை அள்ளி மூடி, புகை கசியும் இடத்தையெல்லாம் மிதித்து அடைத்துவிட வேண்டும். மறுநாள் காலை வரை தொடக் கூடாது.

சீக்கிரம் மூடினால் காம்பின் நடு பழுப்பாகவே நின்றுவிடும். அந்தக் கரி சுற்றும்போது புகையும், கண்ணெரியும், பொறி வராது. தாமதித்து மூடினாலோ, மண்ணில் ஓட்டை இருந்தாலோ காலையில் சாம்பல்தான். பாதி சூட்டில் திறந்தால் காற்று பட்டதும் மறுபடி கனன்று கண் முன்னாலேயே வெளுத்துப்போகும். ஐந்து கிலோ காய்ந்த பூவுக்கு ஒரு கிலோ கரி கிடைத்தால் அது நல்ல சூளை. நல்ல கரியை ஒடித்தால் உள்ளே வெளியே ஒரே கறுப்பு, 'கிணுங்'கென்று லேசாகச் சத்தம் வரும்.

குழி தோண்ட இடமில்லாத டவுன்காரர்கள் மூடி போட்ட தகர டின்னைப் பயன்படுத்தலாம். பூவை நிறைத்து, மூடியில் ஆணியால் ஒரே ஒரு துளை போட்டு, டின்னைச் சுற்றித் தீ மூட்ட வேண்டும். துளை வழியாகப் புகை வரும், பிறகு அந்தப் புகையே தீப்பிடித்துத் துளையில் சுடராக நிற்கும். சுடர் தானாக அணைந்தால் உள்ளே கரி தயார். உடனே துளையைக் களிமண்ணால் அடைத்து, டின் தொட்டால் சில்லிடும் வரை விட்டுவிட வேண்டும். துளை போடாமல் மூடினால் உள்ளே ஆவி முட்டி மூடி பறக்கும், அதை மட்டும் மறக்கக் கூடாது. எனக்குப் பிடித்தது இந்த முறைதான், சாம்பல் நஷ்டம் மிகக் குறைவு.

புதுக் கரியை அன்றே மூட்டை கட்டக் கூடாது. புதிதாகச் சுட்ட கரி காற்றை உறிஞ்சும்போது தானாகச் சூடேறும், குவியலாக இருந்தால் பற்றவும் செய்யும். தகரத்தில் பரப்பி ஒரு நாள் வெளியில் விட்ட பிறகுதான் இடிக்க வேண்டும்.

இடிப்பது உரலில். மிக்ஸி வேண்டாம், கரி மாவாகிவிடும், மூடியைத் திறக்கும்போது பறக்கும் தூசி தீயைக் கண்டால் பற்றும். மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொள்ளுங்கள், பக்கத்தில் அடுப்போ பீடியோ இருக்கக் கூடாது. இடித்ததை ரவைச் சல்லடையில் சலிக்க வேண்டும். பொறியின் அழகு முழுக்க இந்தப் பருமனில்தான் இருக்கிறது. மைதா மாதிரி நைசாக இருந்தால் துகள் துணியை விட்டு வெளியேறிய உடனே எரிந்து தீர்ந்துவிடும், சுற்றி ஒரு சிவப்பு மூட்டம்தான் தெரியும். நொய்யரிசி அளவு இருந்தால் துகள் எரிந்து தீராமலே தரையில் விழும், சட்டையில் விழுந்தால் ஓட்டை போடும். ரவை அளவுத் துகள்தான் கைக்கு எட்டாத தூரம் வரை ஒளிக்கோடாகப் போய்க் காற்றிலேயே சாகும். முக்கால் பங்கு ரவைப் பருமன், கால் பங்கு நைஸ் தூள் என்று கலந்தால் நைஸ் தூள் தணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரவை பொறியாகும்.

உப்பு விவகாரத்துக்கு வருவோம். "கல்லுப்பு ஒரு கைப்பிடி போட்டாத்தான் மாமா சடசடங்கும்" என்று ஒரு கட்சி, "உப்பு போட்டா நமுத்துப் போயிரும்" என்று இன்னொரு கட்சி. இரண்டிலும் உண்மை இருக்கிறது. கல்லுப்புப் படிகத்துக்குள் சிக்கிய ஈரம் சூட்டில் ஆவியாகிப் படிகத்தை உடைக்கும், அந்தச் சடசடப்பு கரித்துகளையும் உதறிவிடும். ஆனால் அதே உப்பு கார்த்திகைக் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். போட்டே ஆக வேண்டுமென்றால் கால் கிலோ தூளுக்கு ஒரு தேக்கரண்டி, அதுவும் கட்டுகிற அன்று மட்டும். நான் உப்புக் கட்சி இல்லை.

லேத் பட்டறை இரும்புத்தூளைச் சேர்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். கரித்தணலின் சூட்டில் பெரிய இரும்புத் துகள் சரியாகப் பற்றாது, சூடேறிய கட்டியாகப் பறந்து தோலில் ஒட்டும். பச்சை, சிவப்பு நிறமும் இதில் வராது. அதற்கு பேரியம், ஸ்ட்ரான்ஷியம் உப்புகளும் அவற்றை எரிக்கும் அளவுக்குச் சூடான சுவாலையும் வேண்டும், அந்த வழி மறுபடி வெடிமருந்துக்கே போகும். மாவளியின் நிறம் செம்பொன். வேகமாகச் சுற்றினால் காற்று கூடி மஞ்சளுக்கு நகரும், அவ்வளவுதான், அது போதும்.

துணி பழைய பருத்தி வேட்டியாக இருக்கட்டும். பாலியஸ்டர் கலந்த துணி உருகிச் சொட்டும், சொட்டுவது பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு எரியும். நூல் ஒன்றைப் பற்றவைத்துப் பாருங்கள்: பருத்தி சாம்பலாகும், மற்றது கறுப்பு மணியாகத் திரளும். ஒரு சாண் நீளம், இரண்டு விரல் பருமனுக்குத் தூளை நீளவாக்கில் வைத்து இரண்டு சுற்றுச் சுருட்டினால் போதும், 50 முதல் 60 கிராம் தூள் பிடிக்கும். இரு முனையையும் மடித்து, இடையில் விரல்கடை விட்டு விட்டுப் பருத்தி நூலால் கட்ட வேண்டும். இறுக்கம்தான் சூட்சுமம். கல்லாக இறுக்கினால் காற்று புகாமல் நடுவில் அணையும். தளர்ந்தால் இரண்டாவது சுற்றிலேயே தணல் மொத்தமாகக் கொட்டும். பெருவிரலால் அழுத்தினால் லேசாகப் பள்ளம் விழ வேண்டும், விட்டால் தூள் உள்ளே ஓடக் கூடாது.

பனைமட்டை பச்சையாக இருக்க வேண்டும், காய்ந்ததென்றால் அதுவே பற்றிக்கொள்ளும். ஓரத்துக் கருக்கைச் சீவிவிட்டு, இரண்டடித் துண்டு எடுத்து, ஒரு முனையிலிருந்து ஒன்றேகால் அடி வரை மூன்றாகப் பிளந்து, நடுவில் சுருளைச் செருகி, பிளந்த முனைகளைக் கம்பியால் சேர்த்துக் கட்ட வேண்டும். பிளவு அடிவரை ஓடிவிடாமல் இருக்க, பிளக்கும் முன்னாலேயே ஒன்றேகால் அடியில் கட்டுக்கம்பியை நாலு சுற்றுச் சுற்றி முறுக்கிவிடுங்கள். மட்டை கழன்று பறக்கும் விபத்துக்கு முக்காலும் காரணம் அந்தக் கட்டு இல்லாததுதான். கட்டிய மட்டையின் அடியில் ஒரு துளை போட்டு, முதல் ஒரு சாணுக்குக் கட்டுக்கம்பி, அதன் பிறகு கயிறு. கயிறு நேராக மட்டையில் இருந்தால் தணல் பட்டு அறுந்துபோகும். தேங்காய் நார்க்கயிறு நல்லது, நைலான் ஆகவே ஆகாது.

கயிறு எவ்வளவு தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மட்டையும் சுருளும் சேர்ந்து கால் கிலோ, கையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, வினாடிக்கு இரண்டு சுற்று. முனையின் வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர். கயிற்றை இழுக்கும் விசை நான்கு கிலோ எடைக்குச் சமம், அதாவது சொந்த எடையைப் போல் பதினாறு மடங்கு. அறுந்தால் அந்த வேகத்தோடு நேராகப் போகும். சின்னப் பிள்ளைகளுக்கு வேகம் வேண்டாம், வினாடிக்கு ஒரு சுற்றே போதும், விசை கால்வாசியாகிவிடும்.

பற்றவைக்க மண்ணெண்ணெய், பெட்ரோல் வேண்டாம். சுருளின் நுனியை அடுப்புத் தணலில் வைத்து, ஒரு விரல் ஆழத்துக்குச் சிவந்து மேலே வெள்ளைச் சாம்பல் பூக்கும் வரை காத்திருங்கள். பிறகு முதலில் மெதுவாக ஆட்டி, சாம்பல் உதிர்ந்து பொறி தலைகாட்டியதும் வேகம் கூட்டலாம். பொறி வரவில்லையென்றால் மேலும் மேலும் வேகமாகச் சுற்றிப் பயனில்லை, பெரும்பாலும் தூள் ஈரமாக இருக்கும் அல்லது கரி வேகாமல் இருக்கும். ஈரத் தூளை வாணலியில் வறுக்கக் கூடாது, வெயிலில் தகரத்தின் மேல் ஒரு மதியம் பரப்பினாலே சரியாகிவிடும்.

பொறி வட்டத்தின் தொடுகோட்டில் போகும். எனவே பார்ப்பவர்கள் சுற்றும் தளத்துக்கு நேரே நிற்காமல் முன்னாலோ பின்னாலோ பதினைந்து அடி தள்ளி நிற்க வேண்டும். கார்த்திகையில் நம் ஊரில் கேழ்வரகுத் தட்டுப் போரும் வைக்கோற்போரும் களத்தோரம் நிற்கும், கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்புச் சருகும் உண்டு. காற்று அவற்றை நோக்கி வீசும்படி நின்று சுற்றவே கூடாது, ஏரியின் வெறுந்தரைதான் சரியான இடம். பருத்திச் சட்டை, காலில் செருப்பு, முடிந்தால் கண்ணாடி. சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள், பேஸ்ட், மை எதுவும் பூச வேண்டாம். பெரிய காயமென்றால் 108.

முடிந்த சுருளை அணைந்தது போல் தெரிகிறதே என்று மூலையில் வீசாதீர்கள், சாம்பலுக்கு அடியில் தணல் மணிக்கணக்கில் இருக்கும். தண்ணீர் வாளியில் முழுக்கி, அவிழ்த்து, கையால் பிசைந்து பார்த்த பிறகு குப்பைக்கு. மட்டையையும் கம்பியையும் அடுத்த சுருளுக்கு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். மீந்த தூளை எவர்சில்வர் டப்பாவில் இறுக மூடி, மேலே 'கரி' என்று எழுதி, அடுப்படியை விட்டு வேறு இடத்தில் வையுங்கள். அடுத்த கார்த்திகைக்கு எடுக்கும்போது ஒருமுறை வெயிலில் காட்டினால் அப்படியே பயன்படும்.